குலுக்கக் கூடாத பத்துச் சாடிகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கண்ணாடிச் சாடியால் வந்த வினை. கோமோ ஏரிக்கரைச் சந்தையில் பழைய சாமான் விற்பவனிடம் வாங்கினேன். உள்ளே பாதி உயரத்துக்கு நீலக் கறை. ஊறுகாய்ச் சாடியா என்று கேட்டேன்.

"தந்தி ஆபீஸ் பாட்டரிங்க. இதுல ஊறுகா போட்டா குடும்பத்தோட போய்ச் சேர வேண்டியதுதான்" என்றான்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

முதல் தொடக்கம்: "1887ஆம் ஆண்டு வசந்தத்தில், ஏரி வெள்ளித் தட்டுபோல..." சீ, வேண்டாம். ஏரியைப் பற்றி எழுதாத ஆள் இந்த ஊரில் கிடையாது.

இரண்டாம் தொடக்கம்: "எர்சிலியாவுக்குத் தங்கை என்றால் உயிர்." இதுவும் சுமார்தான். ஆனால் உண்மை என்பதால் வைத்துக்கொள்கிறேன்.

2

ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் எர்சிலியா தன் வீட்டு முன்னறையில் தந்தி நிலையம் நடத்துகிறாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இருப்பது ஒரே தங்கை, ஒத்தாவியா. பட்டாலையில் கொதிக்கும் தண்ணீருக்குள் கைவிட்டுப் பட்டுப்புழுக் கூட்டிலிருந்து நூல் எடுத்து எடுத்து விரல் தோல் உரிந்தவள். போதும் என்று ஜெனோவாத் துறைமுகத்துக்குப் போய்விட்டாள், புவெனோஸ் ஐரஸுக்குக் கப்பலேற.

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை, மதியம் ஒரு மணி. ஜெனோவாவிலிருந்து தந்தி வருகிறது: "கப்பல் நாலு மணிக்கு. நீ சொன்னால் திரும்பி வருகிறேன். தந்தி நிலையத்திலேயே நிற்கிறேன். ஒத்தாவியா."

எர்சிலியா பதில் அடிக்கத் தந்தியடிக்கும் சாவியை அழுத்தினாள். கம்பியில் மின்சாரம் போவதைக் காட்டும் முள் அசையவே இல்லை.

[நடுவில் ஒன்று: அப்படியானால் தந்தி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அனுப்புகிறவரின் மின்கலம்தான் கம்பியில் மின்சாரத்தை ஓட்டும். கேட்பதற்குச் சொந்த மின்கலம் தேவையில்லை, பேசத்தான் வேண்டும்.]

3

பக்கத்து வீட்டு சாவினாவை நான் இந்தக் கதைக்குள் கூப்பிடவில்லை. கையில் துணியோடு அவளே வந்து நிற்கிறாள். அன்றைக்குப் பாதிரியார் வீடுவீடாகப் போய்த் தீர்த்தம் தெளிப்பார். அதற்குள் அடுப்பின் மேல் பானை தொங்கும் சங்கிலி முதல் கூரை வரை கழுவியாக வேண்டும். எர்சிலியா காலையில் கோயிலுக்குப் போனதும் சாவினா இந்த வீட்டிலும் கைவைத்துவிட்டாள்.

"அக்கா, அலமாரியில இருந்த பாட்டரிச் சாடியத் தொட்டீங்களா?" என்றாள் எர்சிலியா.

"தொட்டேனாவா? தொடச்சு, நல்லாக் குலுக்கி, பளபளன்னு வச்சிருக்கேன். அடியில ஒரே நீலக் கசடுடி. சாமி பாத்தா உன்னையா சொல்வாரு, இந்தத் தெருவையே சொல்வாரு."

"பத்தையுமா?"

"ஏழுதான் ஆச்சு. அதுக்குள்ள சாமி மணி கேட்டுருச்சு. மிச்சம் மூணையும் இப்பக் குலுக்கிடவா?"

எர்சிலியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வாயில் வந்த வார்த்தையை நான் எழுத மாட்டேன், தவக்காலம்.

4

இனி நான் விளக்கியாக வேண்டும், எனக்கோ பொறுமை கிடையாது. சாடியின் அடியில் செம்புத் தகடு, அதைச் சுற்றி, செம்பின் உப்பான மயில்துத்தம் கரைந்த நீலத் தண்ணீர். மேலே தெளிந்த தண்ணீர், அதில் தொங்கும் துத்தநாகம். கனமான நீலம் கீழேயே கிடக்கும். துத்தநாகம் கரையும்போது எலக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரைகிறது. நீலத்தில் கரைந்திருக்கும் செம்புக்கோ அவைதான் வேண்டும், வாங்கிக்கொண்டு தகட்டில் படிந்துவிடும். இரண்டையும் நெருங்கவிடாமல் வைத்து, வெளியே ஒரு கம்பியை மட்டும் வழியாகக் கொடுத்தால், எலக்ட்ரான்கள் அந்தக் கம்பி வழியே ஓடியாக வேண்டும். அந்த ஓட்டம்தான் மின்சாரம்.

குலுக்கினால் நீலம் மேலேறித் துத்தநாகத்தைத் தொட்டுவிடும். கொடுக்கல் வாங்கல் அங்கேயே முடியும். துத்தநாகத்தின் மேல் கறுப்புப் படியும், கம்பிக்கு ஒன்றும் மிஞ்சாது. ஏழு சாடிகளையும் கொட்டிக் கழுவிப் புதிதாக நிரப்பினாலும், நீலமும் தெளிவும் நிலைகொள்ள நாளைக்கு ஆகிவிடும்.

(இங்கே "அக்கா தங்கையும் அப்படித்தான், பிரித்து வைத்தால்தான்..." என்று தொடங்கி அடித்துவிட்டேன். துத்தநாகத்துக்கு அழத் தெரியாது.)

5

எர்சிலியா கெட்ட ஏழையும் கழற்றிவிட்டு, நல்ல மூன்றை மட்டும் கம்பியில் கோத்தாள். சாவியைத் தொட்டாள். முள் லேசாக நடுங்கியது. கோமோ நகரம் வரை எட்டினால் அங்கிருந்து ஜெனோவாவுக்கு அனுப்பிவிடுவார்கள். எட்டுமா என்பது அவளுக்கே தெரியாது.

"என்னடி அடிக்கப் போற?"

"வந்துடுன்னு."

சாவினா துணியை மடித்து வைத்தாள். "பாட்டரியக் கெடுத்தது நான்தான், எனக்குப் பேச வாயில்ல. இருந்தாலும் கேக்குறேன். அவ கை வெந்து கெடந்தப்ப மருந்து போட்டவ நான். திரும்பி வந்தா அதே ஆலைதான? அவளுக்காகக் கூப்புடுறியா, இந்த வீட்டுல தனியா இருக்கப் பயந்து கூப்புடுறியா?"

எர்சிலியாவின் விரல் சாவிமேல் நின்றுவிட்டது. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அடித்துத் தொலை, அடிக்காமல் போ, ஏதாவது ஒன்றைச் செய். அப்புறம் அழுகை வந்தது. அவள் தங்கை வேண்டும் என்றுதானே கேட்கிறாள், அது ஒரு குற்றமா?

6

குற்றம் என்னுடையது. தந்தி வந்தபோது மணி ஒன்று. நான் ஏரியை அடித்துத் திருத்தி, செம்பையும் துத்தநாகத்தையும் அளந்துகொண்டிருந்ததில் மூன்றேமுக்கால் ஆகிவிட்டது.

முடிவு அ: செய்தி போய்ச் சேர்கிறது, ஒத்தாவியா திரும்பி வருகிறாள், மறுவாரம் அதே கொதிநீருக்குள்... கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: செய்தி போகவில்லை. அக்காவுக்கு நான் வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே ஒத்தாவியா ஏறி, கடைசி வரைக்கும்... இதையும் கிழித்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஜெனோவாவில் தந்தி நிலையச் சாளரத்தின் முன்னால், காயம் ஆறாத கையால் பெட்டியைப் பிடித்தபடி ஒருத்தி மூன்றாம் முறையாகக் கேட்கிறாள்: "ஐயா, எனக்கு எங்கக்காகிட்டருந்து ஏதாவது வந்துச்சா?"

எழுத்தர் தலை நிமிர்கிறார். அவர் வாயில் வைக்க எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. உங்களுக்கும் கூடப்பிறந்தவர்கள் இருப்பார்கள். நீங்களே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம், கப்பலில் ஏறும் பலகையை எடுக்கப் போகிறார்கள்.