பதினைந்து வினாடி

மாடியறைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் ஆறு விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே கிடங்கில் பெட்டிகளைத் தூக்கிச் செல்லும் ஆறு ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் ஓட்ட ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. எது நின்றாலும் அதன் பச்சை விளக்கு சிவப்பாகும். திரையில் படம் கிடையாது. விளக்கும், பக்கத்தில் ஓடும் வினாடிக் கணக்கும்தான்.

பதினோரு வருடம் இதே கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். ஓட்டுநர்கள் எட்டுப் பேரில் ஏழு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவரை மட்டும் இந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். புது வண்டிகளுக்குக் கீழே உள்ளவர்கள் வைத்த பெயர் ‘மாப்பிள்ளை’. வரும்போது எல்லோரும் ஒதுங்கி வழிவிட வேண்டும். முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டால் என்ன குறை என்று ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் குறை ஒன்றும் இருக்காது. பெட்டிகளைச் சுற்றும் பிளாஸ்டிக் தாளில் ஒரு கிழிசல் காற்றில் ஆடினால் போதும், ஆள் என்று நினைத்து நின்றுவிடும். நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ‘தொடர்’ பொத்தானை அழுத்த வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. பதினைந்து வினாடிக்குள் அழுத்தாவிட்டால் தாமதம் என்றது திரை. படியிறங்கவே நாற்பது வினாடி ஆகும்.

அதனால் கீழே உள்ளவர்கள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். வண்டிக்கு முன்னால் ஆள் இருந்தால் இரும்பு அடுக்கில் இரண்டு தட்டு. அது மாடி வரை கேட்கும். தட்டு இல்லையென்றால் வெறும் தாள். இதைக் கண்டுபிடித்தவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. பெட்டி அடுக்கும் வேலைக்கு அவனைக் கூட்டிவந்ததே அவர்தான்.

அவருக்கு அந்த ஏற்பாட்டில் மனம் ஒப்பவில்லை. ஒவ்வொரு சிவப்புக்கும் இறங்கிப் போய்ப் பார்த்தார். இன்று காலை மேனேஜர் வந்துவிட்டார்.

“நேத்து முப்பத்தோரு தடவை கீழ போயிருக்கீங்க. ஒரு தடவையாவது ஆளு இருந்துச்சா?”

“இல்ல சார். ஆனா இருந்துட்டா?”

“உங்க எடத்துக்கு வரேன்னு பழைய டிரைவருங்க தெனம் போன் பண்றாங்க. இன்னைக்கு ஒரு தாமதம்கூட வரக் கூடாது. அப்புறம் உங்க இஷ்டம்.”

டீ இடைவேளையில் மச்சினனிடம் சொன்னார். அவன் சிரித்தான்.

“பேசாம அழுத்துங்க மாமா. தட்டலைன்னா ஆளு இல்லைன்னு அர்த்தம். உங்க வேலை போச்சுன்னா அக்கா என் தோல உரிச்சிருவா.”

“வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஓரமா நின்னு வேலையப் பாரு.”

அதன் பிறகு பன்னிரண்டு முறை சிவப்பு விழுந்தது. பன்னிரண்டு முறையும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்து, கடைசி வினாடியில் அழுத்தினார். முதலில் ஒவ்வொரு முறையும் அழுத்திய பிறகு எழுந்து, கீழே யாராவது கத்துகிறார்களா என்று கேட்டார். போகப்போக அதுவும் நின்றுபோனது. அது நின்றுபோனதுதான் அவரைப் பயமுறுத்தியது.

வேலை முடியப் பத்து நிமிடம் இருந்தபோது நான்காவது விளக்கு சிவந்தது. எழுந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார். அடுக்குகள் மறைத்தன. கதவைத் திறந்துவைத்துக் கேட்டார். மின்விசிறிகளின் இரைச்சல்தான். பதினொன்று. பன்னிரண்டு. தட்டு வரவில்லை. பதினான்கில் அழுத்தினார். விளக்கு பச்சையானது. கீழிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது.

“அண்ணே, நிறுத்துங்க! வண்டிய நிறுத்துங்க!”

பாய்ந்து ஆறு வண்டிகளின் ‘நிறுத்து’ பொத்தானையும் அடித்தார். படிகளில் விழுந்தடித்து இறங்கினார். தாள் சுற்றும் பெண் தலையில் கைவைத்தபடி அடியில் நின்றிருந்தாள்.

“உங்க மச்சினன் சரிஞ்ச பெட்டிங்கள ரெண்டு கையாலயும் தாங்கிட்டு நின்னான்ணே. எந்தக் கையால தட்டுவான்?”

அவர் அவளைத் தாண்டி ஓடினார்.

மாடியறையில் திரை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ‘நான்காம் வண்டி நகர்ந்தது: ஆபரேட்டர் அனுமதி.’ பக்கத்தில் தாமதக் கணக்கு நாற்பத்தாறு, நாற்பத்தேழு என்று ஏறிக்கொண்டிருந்தது.