தேவையில்லாமல் சார்ஜ் போட்ட கார்

1

ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டேன்.

ஈஸ்டர் விடுமுறைக்கு முந்தின புதன்கிழமை, நோர்வேயின் வால்ட்ரெஸ் பள்ளத்தாக்கில், கார்களுக்குச் சார்ஜ் போடும் இடத்தோடு ஒட்டியிருக்கிற கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் மெதுவாகத்தான் பேசினார்கள். இந்த நாட்டுச் சனம் எப்போதும் மெதுவாகத்தான் பேசும். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மெதுவாகப் பேச வருமா? கதை அவள் வாயிலிருந்துதான் என் காதில் விழுந்தது.

என் மனைவி யசோவும் கூட இருந்தாள். நான் எங்கெல்லாம் கயிறு திரிக்கிறேனோ அங்கெல்லாம் அவள் குறுக்கே வருவாள். தடுக்க முடியாது. பெர்கனுக்குக் குடிவந்த நாளிலிருந்து தடுத்துப் பார்த்துக் களைத்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'பனி கொட்டிக்கொண்டிருந்தது. மலைப்பாதையில் ஒரு நீலக் கார் தன்னந்தனியாக—'

விட்டுவிட்டேன். நோர்வேயைப் பற்றித் தமிழில் எழுத உட்காருகிற எவனும் பனியில்தான் தொடங்குகிறான். அன்றைக்குப் பனி கொட்டவுமில்லை. தரையெல்லாம் சேறும் ஊத்தைப் பனியும்தான் கிடந்தது. தன்னந்தனியாக என்பதும் பொய். ஈஸ்டருக்கு மலைக்குடில்களுக்குப் போகிற அரைவாசி நாடு அந்தத் தெருவில் நின்றது.

இரண்டாவது தொடக்கம்: 'மனிதன் பெட்ரோலைக் கைவிட்ட காலத்தில், காத்திருத்தல் என்பது ஒரு புதிய—'

"பள்ளிக்கூடக் கட்டுரையோ எழுதுறியள்?" என்றாள் யசோ, தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து. அதையும் விட்டேன்.

மூன்றாவது: 'அவன் மூன்று வாஃபிள் வாங்கி வந்து மேசையில் வைத்தான்.'

இது நடந்தது. இதோடு போகலாம்.

3

அவன் பிள்ளையின் அப்பா. பெயர் எனக்குத் தெரியாது. சின்ட்ரே என்று வைத்துக்கொள்கிறேன். அதே பள்ளத்தாக்குக்காரன், தச்சுவேலை செய்கிறவன்போல விரல் நகங்களில் கீறல். (யசோ: "தச்சன் எண்டு எப்பிடித் தெரியும்? வாத்தியாராயும் இருக்கலாம்." இருக்கலாம்.) பிள்ளையின் பெயர் மட்டும் உண்மை. தூவா. அதைக் கடை முழுக்கக் கேட்டது. அம்மாவுக்கு இங்வில் என்ற பெயரைக் கொடுத்திருக்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம், மேற்கே இருக்கிறாள். இருவரும் பிரிந்து இரண்டு வருடம் இருக்கலாம். பிள்ளை கொஞ்ச நாள் அங்கே, கொஞ்ச நாள் இங்கே. இந்த ஈஸ்டர் அம்மாவின் முறை.

பிள்ளையைக் கைமாற்றுகிற இடம்தான் இந்தச் சார்ஜ் போடும் இடம். அவன் வீட்டுப் படியை அவள் மிதிப்பதில்லை. ஆனால் அவளுடைய பழைய காருக்கு மலை ஏறி வந்த பிறகு இங்கே நின்று சார்ஜ் போடாமல் திரும்ப முடியாது. சார்ஜ் ஏறி முடிய அரை மணித்தியாலம் ஆகும். அந்த அரை மணித்தியாலம் மூன்று பேரும் ஒரு மேசையில் இருந்து வாஃபிள் சாப்பிடுவார்கள். இரண்டு வருடமாக அதுதான் வழக்கம். அதனால்தான் அவன் கேட்காமலே மூன்று வாங்கினான்.

இனி அவர்கள் பேச்சு. இந்த மொழியில் எல்லாருக்கும் ஒரே 'நீ'தான். ராசாவுக்கும் அதுதான். தமிழில் எழுதும்போதுதான் எனக்குச் சங்கடம்: பிரிந்துபோன புருசனும் பெண்சாதியும் எப்படிக் கூப்பிட்டுக்கொள்வார்கள்? எங்கள் பக்கத்தில் 'நீர்' என்று ஒன்று இருக்கிறது. கட்டிக்கொண்டவர்கள் பேசுவது. அதையே அவர்களுக்குக் கொடுத்தேன். அவர்கள் அதை இன்னும் கைவிடவில்லை என்று நினைக்க எனக்கு ஆசை.

4

இங்வில் உள்ளே வந்தாள். உட்காரவில்லை. மேலங்கியையும் கழற்றவில்லை.

"வெளிக்கிடுவமே? காத்துக் கூடினால் மலைப்பாதையைப் பூட்டிப்போடுவாங்கள்."

"சார்ஜ் போடேல்லையோ?" என்றாள் தூவா.

"தேவையில்லை, செல்லம். புதுக் கார். வீட்டில போட்டது திரும்பிப் போகவும் காணும்."

"அப்ப இங்க நிக்கத் தேவையில்லையோ?"

"இனி எப்பவுமே நிக்கத் தேவையில்லை. அப்பா பையை மாத்தி வைப்பார், நாங்கள் போகலாம்."

தூவா மேசையைப் பார்த்தாள். மூன்று தட்டு. மூன்றிலும் ஜாமும் பழுப்புப் பாலாடைக்கட்டியும்.

"அப்ப இது ஆருக்கு?"

சின்ட்ரே கோப்பிக் குவளையைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"பழைய காரை வித்திட்டியளோ அம்மா?"

"ஓம்."

"அது நல்ல கார்."

"என்ன நல்ல கார்? ஒவ்வொரு முறையும் அரை மணித்தியாலம் நிக்க வேணும்."

"அதைத்தானே சொல்லுறன்," என்றாள் தூவா.

நான் தலையைத் திருப்பப்போனேன். யசோ என் கையைக் கிள்ளினாள். பார்க்காதே என்று அர்த்தம். நான் பார்க்கவில்லை. காதை மூடவுமில்லை.

5

(இந்த இடத்தில் ஒரு கட்டுரைத் துண்டு. அவசரமுள்ளவர்கள் அடுத்த எண்ணுக்குத் தாவலாம்.)

இந்த நாட்டில் காரணமில்லாமல் இன்னொருவரோடு உட்கார்ந்திருக்க முடியாது. நாய் இருந்தால் நாயைப் பற்றி நின்று பேசலாம். பனிச்சறுக்குக் கட்டைக்கு மெழுகு பூசும்போது பேசலாம். சும்மா பேசினால் உடம்புக்கு ஏதும் செய்கிறதோ என்று கேட்பார்கள். மின்சாரக் கார் வந்தபோது எல்லாரும் முணுமுணுத்தார்கள்: நின்று நின்று போக வேண்டியிருக்கிறது, நேரம் போகிறது. ஆனால் அந்தப் போகிற நேரம் எத்தனை பேருக்குக் காரணமாக இருந்தது என்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை. அந்தப் பழைய காரின் பேட்டரிக்குக் கொள்ளளவு கொஞ்சம் என்பதால்தான் ஒரு பிள்ளைக்கு அம்மாவும் அப்பாவும் ஒரே மேசையில் கிடைத்தார்கள்.

கார்கள் வருடாவருடம் திறமாகிக்கொண்டு போகின்றன. எனக்கு முதல் தடவையாக அது கவலையாக இருந்தது.

6

சின்ட்ரே பையை எடுத்துக்கொண்டு எழும்பினான். "நீர் போறதெண்டால் இப்ப வெளிக்கிடும். இருட்ட முதல் மலையைக் கடக்கலாம்."

இங்வில் பையை வாங்கவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கார்ச் சாவியை எடுத்தாள்.

"சார்ஜ் போட்டிட்டு வாறன்."

"உமக்குத்தான் தேவையில்லையே?"

"குளிர் நாள். மலையில என்ன நடக்கும் எண்டு ஆர் கண்டது?"

போய்விட்டாள். சின்ட்ரே பையைக் கீழே வைத்தான். தூவா வாஃபிளை ஒரு நுனியிலிருந்து எறும்பு தின்கிற மாதிரித் தின்னத் தொடங்கினாள். நேரத்தை இழுக்கிறாள் என்று எனக்கு விளங்கியது.

இதன் பாரதூரம் உங்களுக்கு விளங்க வேண்டும். இங்கே சார்ஜ் போட வரிசைக் கோடு கிடையாது. ஆங்காங்கே கார்கள் நிற்கும். யாருக்குப் பிறகு யார் என்று எல்லாரும் மனதில் வைத்திருப்பார்கள். முறை தவற மாட்டார்கள். எண்பது வீதம் ஏறியதும் கழற்றிக்கொண்டு இடத்தை விட்டுவிட வேண்டும். கடைசி இருபதும் ஆமை வேகத்தில்தான் ஏறும். அதற்காக மற்றவர்களைக் காக்கவைப்பது மரியாதையில்லை. அதுவும் ஈஸ்டர் புதன்கிழமை, தேவையே இல்லாத ஒரு கார் இடத்தைப் பிடித்து நிற்பது என்றால், கோயில் உண்டியலில் கைவைத்தவனைக்கூட இவர்கள் மன்னித்துவிடுவார்கள், இதை மன்னிக்க மாட்டார்கள்.

அவள் வந்த நேரப்படி அடுத்த முறை அவளுடையதுதான். தன் நீலக் காரில் செருகிவிட்டு வந்து மேலங்கியைக் கழற்றினாள். உட்கார்ந்தாள். மூன்றாவது தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஜாம் கூடுதலா வைச்சிருக்கிறீர்," என்றாள்.

"உமக்குக் கூடுதலாத்தானே வேணும்," என்றான் அவன்.

7

அடுத்து வந்தவரை எழுதுவதில்தான் எனக்குச் சிக்கல்.

கம்பளித் தொப்பி போட்ட ஒரு வயதானவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முதல் தடவை எழுதியபோது அவரை வில்லனாக்கியிருந்தேன். முகத்தில் கடுகடுப்பு, கையில் சாவிக்கோர்வை, எல்லாம் போட்டு— அது அநியாயம். அவர் சொன்னது அத்தனையும் நியாயம். கடையில் முன்பின் தெரியாதவர்களைப் பார்த்துச் சத்தமாகப் பேச அந்த மனிதருக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பது இங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். காது நுனி சிவந்திருந்தது.

"அந்த நீலக் கார் ஆரின்ர?"

எல்லாரும் கோப்பிக்குள் எதையோ தேடினார்கள்.

"எழுபத்தினாலு வீதத்தில வந்து செருகியிருக்கு. சார்ஜர் திரையில போட்டிருக்கு, எல்லாருக்கும் தெரியுது. நான் ஒன்பதில நிக்கிறன். காருக்குள்ள மனுசி குளிருக்க இருக்கிறா."

இங்வில் கையைத் தூக்கினாள். கழுத்துவரை சிவந்துபோனாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இப்பவே கழட்டுறன்."

"ஏன் போட்டனீங்கள் எண்டுதான் எனக்கு விளங்கேல்லை."

அவர் கேட்டது உண்மையாகவே விளங்காமல்தான். ஏன் என்ற அந்தக் கேள்விக்கு அந்த மேசையில் மூன்று பேரிடமும் பதில் இருந்தது. ஒருவராலும் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. தூவா வாயைத் திறந்தாள்.

இங்கேதான் நான் ஒரு கதைக்காரனாக உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளை என்ன சொல்லப்போகிறாள் என்பதற்காக எந்த எழுத்தாளனும் ஒரு கையைக் கொடுப்பான். சொல்லியிருந்தால் என் கதைக்கு உச்சம் கிடைத்திருக்கும். ஆனால் அவள் அதைச் சொல்லிவிட்டால், காரணம் உடைந்துபோகும். பிறகு இங்வில் என்ன சாட்டுச் சொல்லி உட்காருவாள்?

"வாங்கோ," என்று எழும்பினேன். "நீலக் காருக்குப் பக்கத்தில நிக்கிறது என்ர கார். முடிஞ்சுது. நீங்கள் அதில போடுங்கோ."

"எங்க முடிஞ்சது? அம்பத்தெட்டுத்தானே!" என்றாள் யசோ.

மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன். அவள் தமிழில்தான் சொன்னாள். கடையில் ஒருவருக்கும் விளங்கியிருக்காது. வீணாக ஒரு மிதி.

8

வெளியில் கேபிளைக் கழற்றிக் கொடுத்தபோது தொப்பிக்காரர் என் காரின் திரையைப் பார்த்துவிட்டார்.

"அம்பத்தெட்டு எண்டு இருக்கு."

"எங்களுக்குக் காணும்."

"எங்க போறியள்?"

"பெர்கன்."

அவர் மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடையின் கண்ணாடியைப் பார்த்தார். அங்கே மூன்று தலைகள் தெரிந்தன. அவருக்கு ஏதாவது விளங்கியதா என்று எனக்குத் தெரியாது. "கவனமாப் போங்கோ," என்றார். பிறகு கேபிளைத் தன் காரில் செருகினார்.*

* அவருக்கு விளங்கியது என்று ஒரு தடவை எழுதி, அவர் கண்ணைச் சிமிட்டுகிறமாதிரியும் வைத்திருந்தேன். யசோ வெட்டச் சொன்னாள். "நோர்வேக்காரன் எங்கயப்பா கண்ணைச் சிமிட்டினவன்?"

மலையேற்றத்தில் சூடாக்கியை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. யசோ இரண்டு மேலங்கியையும் கம்பளியையும் போர்த்திக்கொண்டு மூக்கு மட்டும் வெளியில் தெரிய இருந்தாள்.

"விசர் மனுசன். கதையும் போச்சு, சார்ஜும் போச்சு."

"ஓம்."

பிறகு கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அந்தப் பிள்ளை என்ன சொல்ல வெளிக்கிட்டவள்?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"நல்லது," என்றாள். "தெரிஞ்சால் எழுதிப்போடுவியள்."

9

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

எண்பது வீதம் ஏறியதும் இங்வில் எழும்பினாள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள், அவ்வளவுதான். (இதுதான் நடந்திருக்கும். எழுத மனம் வரவில்லை.)

சின்ட்ரே, "அடுத்த முறை வீட்டுக்கே வாருமன்" என்று சொன்னான், அவள்— (இல்லை. அவன் சொல்ல மாட்டான். சொல்லக்கூடியவன் ஜாமைக் கூடுதலாக வைக்க வேண்டியதில்லை.)

தொப்பிக்காரரும் மனைவியும் குளிருக்காக உள்ளே வந்து, வேறு இடமில்லாமல் அந்த மேசையிலேயே உட்கார்ந்து, ஐந்து பேரும்— (யசோ: "சினிமா!")

ஒன்றும் சரிவரவில்லை. ஒரு விடயம் மட்டும் எனக்குத் தெரியும். அன்றைக்கு அவளுக்கு 'குளிர் நாள்' என்று ஒரு சாட்டு இருந்தது. ஈஸ்டர் முடிந்து பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவரும்போது வெயில் அடிக்கும். கோடையில் அந்தச் சாட்டும் இல்லை. அந்தக் கார் நிற்காமலே போகக்கூடிய கார். நிற்பதென்றால், ஏன் என்று யாராவது கேட்டால், இனி உண்மையைத்தான் சொல்ல வேண்டும். அல்லது தூவா மூன்று தட்டில் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் பழக வேண்டும்.

நான் இப்போது அந்தத் தெருவால் போவதில்லை. வேலைகள். உண்மையைச் சொன்னால், பயம்.

நீங்கள் போகலாம். பள்ளிக்கூட விடுமுறை தொடங்குகிற நாளாகப் பார்த்துப் போங்கள். கோப்பிக்கடையோடு ஒட்டின சார்ஜர்களில் ஒரு நீலக் கார் தேவையில்லாமல் செருகியபடி நிற்கிறதா என்று திரையைப் பாருங்கள். நின்றால் அதுதான் முடிவு. உங்களுக்கு ஒன்பது வீதமே இருந்தாலும், தயவுசெய்து உள்ளே போய் ஏன் என்று கேட்காதீர்கள்.

நிற்காவிட்டால், எனக்குச் சொல்லாதீர்கள்.