மொறிஸ் மைனரின் டைனமோ

கருகல் மணம் வந்ததும் பிட்டுப் பானையில் தண்ணீர் வற்றிவிட்டதென்றே நாகேஸ்வரி நினைத்தாள். திறந்து பார்த்தாள், தண்ணீர் இருந்தது. முற்றத்துக்கு ஓடிவந்தபோது காற்றாடிக் கம்பத்தடியில் அவளுடைய கணவன் தில்லைநாதன் அண்ணாந்து நின்றான். மேலே மரச்சிறகுகள் வெறிபிடித்ததுபோலச் சுழன்றன. அவற்றோடு பூட்டியிருந்த டைனமோவிலிருந்து புகை கிளம்பிச் சோளகக் காற்றில் கலைந்துகொண்டிருந்தது.

“எரிஞ்சு போச்சு,” என்றான்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு அது. யாழ்ப்பாணத்தில் போரினால் மின்சாரம் நின்று சில வருடங்களாகியிருந்தன. மயிலிட்டியில் வள்ளங்களின் எஞ்சின் திருத்திக்கொண்டிருந்த தில்லைநாதனுக்கு, இடம்பெயர்ந்து நெல்லியடிக்கு வந்தபின் தொழில் இல்லை. நாகேஸ்வரி றேடியோவில் லண்டன் செய்தி கேட்க ஆசைப்பட்டாள் என்பதற்காகவே வேப்பம்பலகையில் சிறகு செதுக்கி, பழைய லொறி டைனமோ ஒன்றைப் பூட்டிக் காற்றாடியை நிறுத்தினான். றேடியோ பாடிய அன்றே வேலியோரம் சனம் கூடியது. பிறகு சோதனைக்குப் படிக்கும் பிள்ளைகளின் தாய்மாரும் கலியாண வீட்டுக்காரரும் பற்றரிகளைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார்கள். முற்றமே கடையாயிற்று. இன்று சுவரில் தட்டியதும் வெளிச்சம் வரும் வீட்டில் இருந்துகொண்டு நாகேஸ்வரி நினைத்து ஏங்குவது அந்த மாதங்களைத்தான். சார்ச் ஏறும்வரை முற்றத்தில் இருந்து ஊர்க்கதை கதைப்பார்கள். காற்று விழுந்தால் பேச்சும் நின்றுபோகும். எல்லோரும் ஒன்றாக அண்ணாந்து பார்ப்பார்கள்.

டைனமோ எரிந்தபின் முற்றம் வெறுமையாகக் கிடந்தது. ஊரெல்லாம் தேடியும் வேறு டைனமோ அகப்படவில்லை.

“நான் தோட்ட வேலைக்குப் போறன், நாகு,” என்றான் தில்லைநாதன். “இனி உந்தச் சிறகுகளை விறகுக்குக் கொத்துவம்.”

நாகேஸ்வரி சிறகுகளைக் கழற்றி, சாக்கில் சுற்றிக் கூரைக்குள் செருகி வைத்தாள்.

அடுத்த நாள் காலை செபமாலை வந்து படலையில் நின்றார். சந்தையடியில் மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்துப் பற்றரி சார்ச் பண்ணுபவர் அவர். ‘காத்தை நம்பிக் கடை போட்டிருக்கிறான்’ என்று தில்லைநாதனைப் பற்றிச் சொல்லித் திரிந்தவர். பார்த்துச் சிரிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நாகேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“தில்லை, நட்டுக் கழட்டிற சாவியளை எடுத்துக்கொண்டு என்ரை வீட்டை வா.”

“ஏன் அண்ணை?”

“உன்ரை சனமெல்லாம் இப்ப என்ரை கடை வாசலிலை நிக்குது. எனக்கு எண்ணெய் கிடைச்சுக் கிழமைக்கணக்காச்சு. அதுகளுக்கு நான் என்னத்தைச் சொல்ல?”

அவர் வீட்டுக் கொட்டகையில் மொறிஸ் மைனர் கார் கல்லடுக்கில் நின்றது. வடமராட்சியின் பாதிக் கலியாணங்களுக்கு ஓடிய கார். பெற்றோல் இல்லாமற்போனபின் ரயர்களைக் கழற்றியிருந்தார். ஆனால், தூசி இருக்க விட்டதில்லை.

“உந்தக் காரின்ரை டைனமோவைக் கழட்டு,” என்றார்.

“அண்ணை, பாதை திறந்தா ஓடலாமெண்டுதானே வைச்சிருக்கிறியள்?”

“ஓம். அப்பிடித்தான் வைச்சிருந்தனான்.” செபமாலை வெளியே பார்த்தார். “கூலிக்கில்லை. சேர்ந்து செய்வம். என்ரை கடைக்கு மேலையும் ஒண்டு நிறுத்தவேணும். கரவெட்டியாக்களும் கேக்கினம்.”

கழற்றி முடியும்வரை அவர் கொட்டகைப் பக்கம் திரும்பவில்லை.

புதிய காற்றாடிக்குச் சிறகுகளைத் தில்லைநாதன் சற்றுக் குறுக்கினான். பலத்த காற்றில் தானாகவே விலகிக்கொள்ள ஒரு வாலும் வைத்தான். முற்றத்தில் கம்பத்தை நிமிர்த்த, சொல்லாமலே சனம் வந்தது. கயிற்றில் கை வைத்தவர்களில் ஊரில் மண்ணெண்ணெய் விற்ற கடைக்காரரும் ஒருவர். சிறகு சுழலத் தொடங்கியபோது எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். செபமாலை மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முதலாவதாகச் சார்ச் ஏறிய பற்றரியைத் தில்லைநாதன் அவர் வீட்டுக்குத்தான் கொண்டுபோனான். நாகேஸ்வரியும் கூடப் போனாள். பின்னேர வெயில் கொட்டகைக்குள் சரிந்திருந்தது. செபமாலை பற்றரியைக் காரில் பூட்டி, சாரதி ஆசனத்தில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார். பிறகு எதையோ திருப்பினார். திரும்பும் பக்கத்தைக் காட்ட அந்தக் காலத்துக் கார்களில் இருக்கும் சிறிய கை, கதவோரத்திலிருந்து மெல்ல வெளியே நீண்டு, செம்மஞ்சளாக எரிந்தது.

கார் அசையாமல் நின்றது. கை வலப்பக்கம், அவருடைய கடை இருந்த சந்தைத் தெருவைக் காட்டிக்கொண்டிருந்தது.