கூரான் முடி உட்கார்ந்திருந்த காலம்

1973ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மறையூருக்கு மேற்கே நின்ற கூரான் முடி உட்கார்ந்தது. சரியவில்லை, இடியவில்லை. நெடுந்தூரம் நடந்து வந்த மாடு படுப்பதுபோல் முதலில் முன்பக்கத்தை மடித்தது, பிறகு பின்பக்கத்தையும் தாழ்த்திக்கொண்டது. மூணாறுக்குப் போன முதல் பஸ் மலை அடங்கும்வரை வளைவில் காத்து நின்றுவிட்டுச் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அதுவரை மலையின் மேற்குப் புறத்தில் முட்டி அங்கேயே கொட்டித் தீர்ந்துகொண்டிருந்த மேகங்கள், சாய்ந்துகொள்ள இடமில்லாமல் கொஞ்ச நேரம் தயங்கி நின்றன. மத்தியானம் அவை பள்ளத்தாக்குக்குள் இறங்கின.

மலை நின்ற காலத்தில் இருந்த ஏற்பாடு எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேற்கே மேட்டு எஸ்டேட்டில் வைகாசியில் பிடிக்கிற மழை புரட்டாசிவரை விடாது. தேயிலை தழைக்கும், கூலிக்காரர் குடியிருக்கும் லயங்களில் துணி காயாது, குழந்தைகளுக்கு நெஞ்சுச்சளி போகாது. கிழக்கே மறையூருக்கு அந்த மாதங்களில் சாரல்கூட எட்டாது. ஓடைத் தண்ணீர் பாய்கிற இடத்தில் கரும்பு, பாயாத இடத்தில் கேழ்வரகு, மற்ற இடமெல்லாம் சந்தனக்காடு. மேற்கே இருந்தவர்கள் நனைந்து ஏழைகளாக இருந்தார்கள், கிழக்கே இருந்தவர்கள் காய்ந்து ஏழைகளாக இருந்தார்கள். மலை எதற்காக உட்கார்ந்தது என்பதற்கு, அடிவாரத்துச் சோலையை வெட்டி யூக்கலிப்டஸ் வைத்ததால் அதற்குக் கால் கூசிவிட்டது என்று மரம் வெட்டப் போனவர்களே சொன்னார்கள்.

முத்துப்பேச்சி இரண்டு பக்கத்திலும் வாழ்ந்தவள். மேட்டு எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளின் முதல் புருஷன் வேலைக்கென்று தேனிப் பக்கம் போனவன் திரும்பி வரவில்லை. அவனுக்குப் பிறந்த பவளக்கொடி மூன்று வயதில், ஓர் ஆடி மாதத்து மழையில், சளி கட்டி இறந்துபோனாள். லயத்துக்கு மேலே இருந்த சுடுகாட்டுச் சரிவில் குழி வெட்டினார்கள். வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. முத்துப்பேச்சியின் அண்ணன் குருசாமி மண்ணெண்ணெய் டப்பாவால் இறைத்துக்கொண்டே இருந்தான். கடைசியில் இறைப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு, இருந்த தண்ணீரோடு பிள்ளையை வைத்து மூடினார்கள். மறு வருஷம் முத்துப்பேச்சி மலையிறங்கி வந்து, மறையூரில் வெல்லம் காய்ச்சும் மொக்கையனைக் கட்டிக்கொண்டாள். ஏன் என்னைக் கட்ட வந்தாய் என்று அவன் ஒருநாள் கேட்டதற்கு, உங்கள் ஊரில் தரை காய்ந்திருக்கிறது என்றாள். அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை.

மழை இறங்கிய முதல் வாரம் மறையூரில் பண்டிகையாக இருந்தது. கேழ்வரகுக்காரரான காளிச்சாமி தன் காட்டை உழுது நெல் போட்டார். ஆனால் வெல்லம் ஈரத்துக்கு ஆகாத பொருள். வெயிலில் காய வேண்டிய கரும்புச் சக்கை காயாததால் அடுப்பு புகைந்தது. பாகு பதத்துக்கு வரவில்லை. வந்ததைப் பிடித்தாலும் உருண்டை மறுநாள் கசிந்து சாக்கோடு ஒட்டியது. காட்டில் சந்தனமரங்கள் வாசத்தை இழந்தன. மலை தாண்டிப் போன மழை மேற்கே விழவேயில்லை. தேயிலை செடியிலேயே வறுபட்டது. மலையைப் பார்க்க வந்த ஆபீசர் ஒருவர், நிலம் கை மாறுவதற்குச் சட்டம் உண்டு, உட்காருவதற்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மறையூரில் மழை பெய்வதால், வறண்ட ஊர் என்று சர்க்கார் அதுவரை கொடுத்துவந்த வறட்சி அரிசியை நிறுத்தினார்கள். எஸ்டேட்டுக்கு அதைக் கொடுக்கவுமில்லை. அது மழைப் பிரதேசம் என்று முன்பே தீர்மானமாகியிருந்தது. அடுத்த தீர்மானத்துக்கு வருஷங்கள் இருந்தன.

மறு வருஷம் எஸ்டேட் கதவைச் சாத்தியதும் குருசாமி பெண்டாட்டி பிள்ளைகளோடு இறங்கி வந்து, மொக்கையனின் ஆலைக் கொட்டகையில் தங்கினான்.

“மழ பெஞ்சப்ப எம்புட்டுத் திட்டுனோம் பேச்சி,” என்றான். “இப்ப அது இல்லாம பொழப்பு நாறிப்போச்சு.”

முத்துப்பேச்சி அவன் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினாள். மாதம் ஒருமுறை அவள் பஸ் ஏறி மேலே போய்வருவது வழக்கமாகியிருந்தது. பழகின லயத்தைப் பார்த்து வருகிறேன் என்பாள். அங்கே போய்ச் சுடுகாட்டுச் சரிவில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பாள். மண் வெடித்துக் கிடந்தது. உள்ளங்கையை வைத்தால் சுட்டது. மகள் இறந்த பிறகு அவள் நிம்மதியாகத் தூங்கியது அந்த இரண்டு வருஷங்களில்தான்.

1975ஆம் ஆண்டு சித்திரையில் இரண்டு பக்கத்து ஜனமும் மலைமேல் ஏறியது. கோயில் பூசாரியும் எஸ்டேட் ஜெபக்கூடத்து உபதேசியாரும் முன்னால் நின்றார்கள். எழுந்திருக்கும்படி எல்லோரும் சேர்ந்து கேட்டார்கள். மலை ஒரு முழம் எழும்பியது. நின்றிருந்தவர்கள் தடுமாறி ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். பிறகு மலை பழையபடி உட்கார்ந்துவிட்டது.

“நம்மள்ல யாருக்கோ மனசில்ல,” என்றார் பூசாரி.

எல்லோரும் நெல் போட்ட காளிச்சாமியைப் பார்த்தார்கள். அவருடைய நெல்லும் அழுகத் தொடங்கியிருந்தது. “சத்தியமா நானுந்தானுங்க கேட்டேன்,” என்றார். யாரும் நம்பவில்லை. அன்றிலிருந்து அவர் காட்டுக்கு ஆள் வேலைக்குப் போகவில்லை, அவர் வீட்டுக்கு யாரும் நெருப்புக் கொடுக்கவில்லை. முத்துப்பேச்சியின் வாய் திறக்கவில்லை என்பது பக்கத்தில் நின்ற மொக்கையனுக்கு மட்டும் தெரியும். இறங்கும் வழி முழுக்க அவன் அவளுக்குப் பின்னால் நடந்து வந்தான்.

அடுத்த முறை அவள் பஸ் ஏறியபோது அவனும் ஏறினான். சரிவில் அவளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“தொட்டுப் பாருங்க,” என்றாள். “பொட்டு ஈரம் இல்ல.”

அவன் தொட்டுப் பார்த்தான்.

“மழ இங்கிட்டுத் திரும்புனா மறுபடியும் நனைவா.”

“அப்ப நம்மளோட கூட்டிட்டுப் போயிருவோம்.”

“அங்க இப்ப கொட்டிக்கிட்டுல்ல இருக்கு?”

“நீ கேட்டா எந்திரிக்கும் பேச்சி.”

“எந்திரிக்காட்டி?”

அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். காளிச்சாமி வீட்டில் அடுப்பு எரியாததையும், கஞ்சிக்குக் காத்திருக்கும் அண்ணன் பிள்ளைகளையும் நினைத்திருக்கலாம். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. பிறகு தலையசைத்தாள். அவன் லயத்தில் மிச்சமிருந்தவர்களிடம் போய் ஒரு மண்வெட்டி வாங்கி வந்து தோண்டினான். கடைசியில் கையாலேயே மண்ணை வழித்தான். கிடைத்ததையெல்லாம் தன் புதுத் துண்டில் எடுத்து முடிந்தபோது, அது ஒரு புறாவின் கனம்கூட இருக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மொக்கையன் இரண்டு முழு டிக்கெட்டும் ஒரு அரை டிக்கெட்டும் கேட்டான். இருந்திருந்தால் பவளக்கொடிக்குப் பதினொன்று.

“அரை யாருக்கு?” என்றார் கண்டக்டர்.

“எம் மகளுக்கு.”

கண்டக்டர் முத்துப்பேச்சியின் பக்கத்தில் இருந்த துண்டு முடிச்சைப் பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். கூட்டம் நெருக்கியடித்த பஸ்தான். மறையூர் வரும்வரை அந்த இடத்தை யாரும் கேட்கவில்லை. எம் மகள் என்று அவன் சொன்னது காதில் விழுந்ததிலிருந்து முத்துப்பேச்சி ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

கரும்புக்காட்டின் ஓரத்தில் மொக்கையன் குழி வெட்டினான். பெய்கிற மழையில் வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. குருசாமி, யாரும் சொல்லாமலே ஒரு டப்பாவை எடுத்துவந்து இறைக்கத் தொடங்கினான். முத்துப்பேச்சி கொட்டகை வாசலில் முடிச்சை மார்போடு அணைத்துக்கொண்டு நின்று அதைப் பார்த்தாள். மழைக்கு அப்பால் மலை மங்கலாகத் தெரிந்தது.

“எம் புள்ளய எடுத்துக்கிட்டு வந்துட்டேன்,” என்றாள் அதைப் பார்த்து. “எந்திரி சாமி.”

குரலை உயர்த்தவில்லை. மலை பின்பக்கத்தை முதலில் தூக்கி, பிறகு முன்பக்கத்தை நிமிர்த்தி நின்றது. மேகங்கள் அவசரமில்லாமல் மேற்கே திரும்பிப் போயின. குழியில் தண்ணீர் வற்றவும் அடிமண் வெளுக்கவும் சில நாட்கள் ஆயின. அதுவரை முடிச்சு அவர்களுடைய கட்டிலில் இருவருக்கும் நடுவில் இருந்தது. தரை நன்றாகக் காய்ந்த ஒரு காலையில் பவளக்கொடியை வைத்து மூடினார்கள்.

எஸ்டேட்டில் மழை பிடித்தது, குருசாமி குடும்பத்தோடு மேலே போனான். வெல்லம் இறுகியது, சந்தனம் மணத்தது. மறையூருக்கு நிறுத்திய வறட்சி அரிசி திரும்ப வர இன்னும் மூன்று வருஷம் பிடித்தது. காளிச்சாமியின் காட்டில் மறுபடி கேழ்வரகுதான் வந்தது, அதுவும் அரைகுறையாக. முத்துப்பேச்சி அவர் வீட்டு வாசலுக்குப் போய், அன்று கேட்காதவள் நான்தான் என்று சொன்னாள். அவர், “தண்ணி குடிக்கிறயா ஆத்தா?” என்றார். குடித்துவிட்டு வந்தாள்.

ஐப்பசி கார்த்திகையில் கிழக்கே இருந்து வரும் மழை மறையூரிலும் கொஞ்சம் பெய்யும். அப்போதும் கரும்புக்காட்டின் ஓரத்தில் அந்த இடத்தில் மட்டும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கைக்குழந்தைக்காரிகள் ஈரத்துணிகளைக் கொண்டுவந்து பக்கத்து வேலியில் காயப் போட்டார்கள். புதைத்த இடமாயிற்றே என்று முதலில் சிலர் யோசித்தார்கள். துணி சீக்கிரம் காய்கிறதைப் பார்த்ததும் அவர்களும் வந்தார்கள். காற்றுக்குப் பறக்கிற துணிகளை முத்துப்பேச்சி எடுத்து மடித்து வைப்பாள்.