மாவை மாற்றிய தங்கை

செயற்கை இடுப்பு மூட்டில் பொருத்தும் பீங்கான் உருண்டைகளை அண்ணனும் தங்கையுமாகச் செய்து விற்றார்கள். அலுமினாவில் கொஞ்சம் சிர்கோனியா கலந்த கெட்டிப் பீங்கான். வியாபாரம் அண்ணனுடையது, பவுடர் தேர்வும் கலவையும் தங்கையுடையவை. பட்டறையில் அவளுக்கு 'மாவுக்காரி' என்றே பெயர்.

புதிய ஆர்டருக்குச் செய்த உருண்டைகள் அழுத்தச் சோதனையில் படபடவென்று தெறித்தன. அண்ணன் சூளைக்காரர் மேல் பாய்ந்தான்.

"சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? குடுத்ததத்தான் சுட்டேன்," என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தங்கை உடைந்த சில்லுகளை அள்ளிக்கொண்டு நுண்ணோக்கி அறைக்குள் போனாள். எந்தச் சில்லைப் பார்த்தாலும் விரிசல் ஒரே மாதிரி இடத்தில்தான் பிறந்திருந்தது: சிர்கோனியா கட்டிதட்டிய ஒரு முடிச்சு, அதைச் சுற்றி மயிரிழை இடைவெளி.

"அண்ணா, பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவரை விடு. நாம வாங்கின சிர்கோனியாதான் காரணம்."

"அதைவிட நைசான பவுடர் எங்கேயுமே கிடையாது!"

"அந்த நைசுதான் வம்பு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, எவ்வளவு அரைச்சாலும் பிரியல. எல்லா இடத்துலயும் பரவி நின்னாத்தான், விரிசல் வரும்போது சிர்கோனியா உப்பி, அதோட வழியை அடைக்கும். ஒரே மூலையில கும்பலா நின்னா யாரு காவல் காக்கறது? இதைவிடப் பருமனான பவுடர் வாங்குவோம்."

"அதுக்காக மட்டமான சரக்கா?"

"மட்டம் இல்லண்ணா. துகள் கொஞ்சம் பெருசு, அதனால ஒட்டிக்காது; சுத்தத்துல குறையில்ல. இதுவும் உடைஞ்சா என்னைத் திட்டு."

அண்ணன் அரைமனதாகத் தலையாட்டினான். புதுப் பவுடர் வந்தது. அவளே நின்று அரைக்கவைத்து, கட்டி இல்லை என்று பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்பினாள். சூளைக்காரர் வழக்கமான சூட்டிலேயே சுட்டார்.

சோதனையைப் பார்க்க, உருண்டைகளை வாங்கும் நிறுவனத்து அதிகாரி அம்மாள் நேரில் வந்திருந்தார். அழுத்தம் ஏறியது. பழைய உருண்டைகள் தெறித்த அளவைத் தாண்டியது. அவர்கள் கேட்ட அளவையும் தாண்டியது. சட்டென்று இயந்திரம் நின்றுவிட்டது.

"ரிப்பேரா?" என்றார் அதிகாரி.

"இல்லம்மா. இதுக்கு மேல அழுத்த மெஷினுக்குத் தெம்பில்ல!" என்று சூளைக்காரர் கத்தினார்.

அடுத்த உருண்டையும் அப்படியே. அதற்கடுத்ததும். அண்ணன் நேரே சூளைக்காரரிடம் போய் அவர் இரு கைகளையும் பிடித்துக்கொண்டான். "தப்பு என்மேல."

பிறகு தங்கையை அலாக்காகத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

"இறக்குண்ணா, இடுப்பு பிடிச்சுக்கப் போகுது!"

பட்டறையே சிரித்தது. அதிகாரி மட்டும் சிரிக்காமல், உடையாத உருண்டையை விரலால் தடவிக்கொண்டே கேட்டார்: "முழங்காலுக்கும் செஞ்சு தருவீங்களா?"

"தருவோம்," என்றாள் மாவுக்காரி, அண்ணன் வாயைத் திறக்கும் முன்பே.