தசராவுக்குக் கழுவிய பிளேடுகள்

ரம்பப் பிளேடிலிருந்து தெறித்த பல் எந்தப் பக்கமாக வந்தது என்று ருக்மணி பார்க்கவில்லை. கணவன் ஜெயச்சந்திரன் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சரிந்ததைத்தான் பார்த்தாள். விரலிடுக்கில் வழிந்த ரத்தம், பாதி அறுபட்ட வெள்ளை மைக்கா பலகைமேல் சொட்டியது. தசராவுக்கு மிஷினுக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, மறுநாள் காலையில் நல்ல நேரம் பார்த்து ஓட்டிய முதல் வெட்டு அது. சாமி கும்பிட்ட கையோடு இப்படியும் நடக்குமா என்று அவள் மரம் மாதிரி நின்றாள்.

நகரியில் இருந்த விசைத்தறியை விற்றுவிட்டுத்தான் அவர்கள் இந்தப் பலகை வெட்டும் ஷெட்டைப் போட்டிருந்தார்கள். தறிக்காரனுக்கு மரவேலை எதற்கு என்று சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் சிரிப்பை அடக்கியது ஜெயச்சந்திரனின் வெட்டுதான். பல் குறைந்த பிளேடு மரச் சட்டத்துக்கு ஆகும், மைக்கா ஒட்டிய பலகைக்கு ஆகாது. ஓரமெல்லாம் எலி கொறித்ததுபோலப் பிசிறிப்போகும். பலகைக்கு நெருக்கமான பல் வேண்டும், அதுவும் கூர் மழுங்காமல், பிசின் ஏறாமல் இருக்க வேண்டும். அடிபட்டுத் தெரிந்துகொண்ட இந்தப் பாடத்தை அவன் யாருக்கும் சொல்லித் தரமாட்டான், பிளேடையும் யாரையும் தொட விடமாட்டான். அதில் அவனுக்கு ஒரு கர்வம்.

அந்தக் கர்வக்காரனிடம் கெட்டிக்காரி என்று பெயர் வாங்க ருக்மணிக்கு ஆசை வந்ததுதான் வினை. பூஜைக்கு முந்தின நாள் அவன் வெளியே போயிருந்தபோது, பசையும் தூளும் தீய்ந்து கருத்துப்போயிருந்த பிளேடுகளையெல்லாம் கழற்றித் தேய்த்துப் பார்த்தாள். அசையவில்லை. நகரிப் பெண்ணுக்குக் கறை என்றால் நினைவுக்கு வருவது காஸ்டிக் சோடாதான். சாயப்பட்டறையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய நூலையே வெளுத்துக் கொடுக்கும் சரக்கு, இரும்பை என்ன செய்துவிடப்போகிறது என்று ஒரு இரவு முழுக்க அண்டாவில் ஊறப்போட்டாள். காலையில் புதுப் பாத்திரம்போல மின்னின. அவற்றைப் பார்த்துவிட்டு, எதில் கழுவினாய் என்று அவனும் கேட்கவில்லை, பரவாயில்லையே என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் நாள் முழுக்கப் பூரித்துக்கிடந்தாள், பாவம்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்தது. கட்டுப் பிரித்தால்தான் பார்வை பற்றிச் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலியோடு படுத்திருந்த ஜெயச்சந்திரனுக்குக் கோபமெல்லாம் பிளேடு விற்ற கிரண்குமார்மேல். டவுனில் சாணை பிடிக்கும் கடை வைத்திருப்பவன் அவன். போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டான், கொண்டுபோய் அவன் முகத்திலேயே காட்டு என்று மனைவியை அனுப்பினான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பது என்று அவளும் பிளேடைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

கிரண்குமார் பிளேடை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினான். ஒன்றல்ல, இரண்டு பல் போயிருந்தது. குறடால் இன்னொரு பல்லை லேசாகத் தொட்டான். வேர்க்கடலைத் தோல்போல அது கையோடு வந்துவிட்டது.

“இதை எதுல கழுவினீங்கம்மா?”

சொன்னாள். அவன் குறடைக் கீழே வைத்தான். பல் வேறு, தட்டு வேறு, பற்றவைத்து ஒட்டியிருப்பது என்றும், சோடா அந்தப் பல்லையும் பற்றவைப்பையும் சேர்த்து அரித்துவிடும் என்றும், சோப்புத் தண்ணியும் பிரஷ்ஷும் போதுமே என்றும் மெல்லச் சொன்னான். வேறு பிளேடை அப்படிக் கழுவியிருந்தால் யாரும் தொடக்கூடாது என்றான். அவள் தலையாட்டினாள். ஷெட்தான் பூட்டிக்கிடக்கிறதே.

புருஷன் கண்ணைத் தன் கையாலேயே கெடுத்தோம் என்பது ஆஸ்பத்திரிப் படி ஏறும்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. செத்தாலும் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். என்ன சொன்னான் என்று ஜெயச்சந்திரன் கேட்டபோது, பார்த்துச் சொல்கிறானாம் என்று புளுகினாள்.

“அவன் கெடக்கிறான். உன் தம்பிய ஷெட்டத் தொறக்கச் சொல்லிட்டேன். இன்னொரு பிளேட மாட்டி, இந்நேரம் ஓட்டிக்கினு இருப்பான்.”

அவள் கழுவிய மற்ற பிளேடுகளெல்லாம் ஷெட்டிலேயே கிடந்தன. தம்பி சுரேஷ்பாபுவுக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. மிஷின் சத்தத்தில் அவனுக்கு எங்கே கேட்கும்? பக்கத்துத் தறி ஷெட் கமலம்மாவைக் கூப்பிட்டாள்.

“கமலம்மா, எங்க ஷெட்டு மெயின் சுச்ச எறக்கு. இன்னா ஏதுன்னு கேக்காத, ஓடு.”

தறிகளின் சத்தம், செருப்புச் சத்தம், பிறகு பிளேடு பலகையில் ஏறும் அலறல் காதுக்குள் வந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து நின்றது. கமலம்மா போனைச் சுரேஷ்பாபுவிடம் கொடுத்தாள். பாதிப் பலகையில் ஏன் நிறுத்தினாய், இது சரியில்லை என்றால் வேறு பிளேடை மாட்டவா என்று அவன் சலித்துக்கொண்டான்.

சரக்கு போலி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பழி கிரண்குமார் தலையோடு போயிருக்கும். கட்டிலில் இருப்பவனும் நம்பியிருப்பான். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்ததும் உண்மை. ஆனால் போலி என்று ஒன்றைக் கழற்றிவிட்டு அவன் கழுவிய இன்னொன்றை மாட்டுவான்; குறடோடு வந்த பல் அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

“எதுவும் மாட்டாதடா. எல்லாத்தையும் நாந்தான் சோடாவுல ஊறப்போட்டேன். பல்லெல்லாம் அதாலதான் வுழுது. மாமா கண்ணு போனதும் என்னாலதான்.”

அவள் நிமிரவில்லை. கட்டிலிலிருந்து ஜெயச்சந்திரனின் குரல் கேட்டது.

“அவன் கண்ணு நல்லாக்கீதா, கேளு.”

கேட்டாள். நன்றாகத்தான் இருக்கிறது என்றான் சுரேஷ்பாபு. அதை அவள் திருப்பிச் சொன்னதும் ஜெயச்சந்திரன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ருக்மணி போனை அணைத்துவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து அழுதாள்.