படுக்க இடம் தேடிய புழு

வீட்டுக்குக் கீழே இருந்த தன் மரக்கடையில் புது அலமாரிக்கு அடியில் மரத்தூள் மாவாகக் கொட்டிக் கிடந்ததைப் பார்த்ததும், அத்தானின் விரல் நேராக மாடியைக் காட்டியது. மாடியில்தான் எலும்பன் இருந்தான். அவனுடைய வண்டுகளும் இருந்தன.

எலும்பன் என்பது அக்கா வீட்டில் வைத்த பெயர். உடம்புக்கும் பொருந்தியது, தொழிலுக்கும் பொருந்தியது. செத்த விலங்குகளின் எலும்புக்கூட்டை அருங்காட்சியகத்துக்காகச் சுத்தம் செய்பவன் அவன். செய்பவன் என்பது பேருக்குத்தான். ஒட்டிக் காய்ந்த சதையைத் தின்று துடைத்து வைப்பவை தோல்வண்டுகள். அருங்காட்சியகக் கட்டடத்தில் பழுதுபார்க்கும் வேலை நடந்ததால் வண்டுத் தொட்டி அக்கா வீட்டுக்கு வந்திருந்தது, அவனைப் போலவே, வாடகையில்லாமல்.

தொட்டியில் வெந்நீரை ஊற்று என்றார் அத்தான். எலும்பனுக்கு ரத்தம் உச்சிக்கு ஏறியது. பிள்ளை மாதிரி வளர்த்துப் பெருக்கிய கூட்டம். தன் வண்டுக்கு எலும்புக்கூடு வீடு, காய்ந்த இறைச்சி சோறு. மரவண்டோ மரத்துக்குள்ளேயே பிறந்து மரத்தையே தின்பது என்று படிகளில் நின்று கத்தினான்.

"உளுத்த பலகைய வாங்கிட்டு எங்க தலையில கட்டுறீங்களா அத்தான்? என் வண்டு மரத்தைத் தொட்டா, வெந்நீரை நானே ஊத்துறேன்."

அதையும் பார்த்துவிடலாம் என்று அத்தான் ஒரு நல்ல கட்டையைத் தொட்டிக்குள் போட்டார்.

வாரக் கடைசியில் கட்டையெங்கும் ஓட்டை. அத்தான் அக்காவிடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னார். எலும்பனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வயிறு நிறைந்த புழு, கூட்டுப்புழுவாக மாற எதையாவது துளைத்துக்கொண்டு ஒளியும். அதற்குப் பயந்துதான் தொட்டியையே கண்ணாடியில் செய்திருந்தான். கோபத்தில் வாய் முந்திக்கொண்டது, புத்தி பிந்திக்கொண்டது. இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்?

அக்கா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, கடையிலிருந்து உளியை எடுத்து வந்தாள். முதலில் அலமாரிப் பலகையைப் பிளந்தாள். உள்ளே பூராவும் மாவு. நடுவில் ஒல்லியாக, செம்பழுப்பாக ஒரு வண்டு, தொட்டி வண்டுகளின் சாயலே இல்லாமல். பிறகு கட்டையைப் பிளந்தாள். விரற்கணு ஆழத்துக்கு ஒரு குழி. துருவிய மரத்தூளை வெளியே தள்ளிவிட்டு, ஒரு புழு சுருண்டு கிடந்தது.

"இது திங்கலைங்க. படுக்க இடம் தேடியிருக்கு," என்றாள் அக்கா. "அதுக்குப் போய் வெந்நீரா? மலிவா வருதுன்னு இந்தப் பலகைய வாங்கினது யாரு?"

அத்தான் பலகையைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், அக்காவைப் பார்க்கவில்லை.

"இனிமே உள்ள கட்டை போடாதே," என்று எலும்பனிடம் உறுமினார், போட்டதே அவன்தான் என்பதுபோல.

கொதித்த தண்ணீரில் அக்கா தேநீர் போட்டாள். மூவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக் குடித்தார்கள்.